உன் அப்பா போட்ட நீச்சல் தொட்டித் தளம்

சேசு மரி சூசை துணை

மதுரை,
1936 நவம்பர், சனிக்கிழமை

அன்பு மகள் ஆனிமேரிக்கு உன் அம்மா பிலோமினாள் எழுதுவது. ஆண்டவர் தயவால் இங்கே நானும் உன் அப்பாவும், இரண்டு ஆடுகளும், முட்டையிட மறுக்கும் கோழிகளும் சௌக்கியம். ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் அதேபோல இருக்க வேண்டும் என்று செபமாலையில் தினமும் கொஞ்சம் கூடுதலாகவே உருட்டுகிறேன். அப்பா ஏன் இத்தனை மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, உடம்புக்கு என்ன என்று கேட்டிருந்தாய். உடம்புக்கு ஒன்றும் இல்லை, கௌரவத்துக்குத்தான் அடிபட்டிருந்தது, அதுவும் இப்போது ஆறிவிட்டது. கதை முழுவதையும் எழுதுகிறேன், உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படித்தால் கால் வீங்கும்.

ஓவர்சியர் உத்தியோகம் முடிந்து வீட்டில் உட்கார்ந்த நாள் முதல் உன் அப்பா ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துகொண்டிருந்தார். அம்மிக்கல் ஒரு நூல் சாய்ந்திருக்கிறதாம், அதனால்தான் சட்னி சரியில்லையாம். கோழிக்கூடும் மட்டமில்லையாம். இந்த மனிதருக்கு எங்காவது ஒரு வேலை கிடைக்கட்டும் என்று நான் அந்தோணியாருக்கு நவநாள் செய்தேன். அந்தோணியாரும் கேட்டுவிட்டார். என்ன வேலை என்று நான் விவரமாகச் சொல்லியிருக்க வேண்டும், அது என் பிழை. நீ ரங்கூன் போன பிறகு, நான் பாடம் சொல்லும் போர்டிங் பள்ளிக்கு ஒரு புதுச் சாமியார் வந்திருக்கிறார், கனத்த உடம்பு, கனிந்த மனசு. விடுதிப் பையன்கள் திருட்டுத்தனமாக வைகைக்குப் போய் வெள்ளத்தில் விழுகிறார்களே, பள்ளிக்குள்ளேயே ஒரு நீச்சல் தொட்டி கட்டி முறையாக நீந்தக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தொட்டியை வேறு ஆட்கள் கட்டிவிட்டார்கள். அதைச் சுற்றி நடப்பதற்கான தளத்தை மட்டும் உன் அப்பாவிடம் ஒப்படைத்தார்.

அப்பா போட்ட தளத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சிமெண்டில் செங்காவி கலந்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி, குனிந்தால் மூக்கு முடிகூடத் தெரிகிற மாதிரி செய்துவிட்டார். ஈரக் காலோடு நடக்கிற இடமாயிற்றே, வழுக்காதா என்று கேட்டேன். "ஏட்டி, நீ ஒன் அடுப்பப் பாரு, அங்கதான் தெனமும் தீயுது" என்றார். தொட்டியிலிருந்து சிதறுகிற தண்ணீர் வீணாகக் கூடாது என்று தளத்தைத் தொட்டிப் பக்கமாகவே சாய்த்தும் வைத்தார். சிக்கனமாம். கோடையில் பெய்த முதல் மழைக்கே முற்றத்து மண், வேப்பஞ்சருகு, ஆட்டுப்புழுக்கை எல்லாம் அந்தச் சாய்வில் வழிந்து தொட்டிக்குள் இறங்கின. தண்ணீர் நான் வைக்கும் ரசத்தைவிடக் கெட்டியாக இருந்தது.

மறுபடி இறைத்து நிரப்பி, தொட்டியை மந்திரித்துத் திறக்க நாள் குறித்தார்கள். அன்று காலையிலும் லேசான தூறல். சாமியார் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, தீர்த்தச் செம்போடு செபம் சொல்லிக்கொண்டே வந்தார். தளத்தில் காலை வைத்தவர் அடுத்த அடி எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைக்க அவசியமே இல்லாமல், உட்கார்ந்தபடியே வழுக்கிக்கொண்டு நேராகத் தொட்டிக்குள் போய்விட்டார். செம்பும் கூடவே போயிற்று. தொட்டி முழுவதும் ஒரே முழுக்கில் தீர்த்தமானது. பையன்கள் "ஆமென்" என்றார்கள். சாமியார் தலையைத் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டே, மந்திரிப்பு பலமாகவே நடந்துவிட்டது என்று சிரித்தார். உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. செருப்புப் போட்டுக்கொண்டு வந்தால் அப்படித்தான் ஆகும் என்றார். சாமியார் வெறுங்காலோடுதான் வந்திருந்தார். விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பையன்கள் திரும்பியபோது வெயில் குறையவே இல்லை. நடுப்பகலில் அந்தச் சிவப்புத் தளத்தில் கால் வைத்தவன் எல்லாம் வறுபடும் கடலை மாதிரி துள்ளினான். அதற்கும் அப்பா, இந்தக் காலத்துப் பயல்களுக்கு உள்ளங்கால் ஊத்தப்பமாகிவிட்டது என்றார்.

இதுவரைக்கும் சிரிப்பு. ஆவணியில் இடிமழை பிடித்துக்கொண்டு, தளத்தில் கண்ணுக்குத் தெரியாத பாசி படர்ந்தது. விடுதி முற்றம் பெருக்கும் ஒச்சாயியை நினைவிருக்கிறதா? நீ கப்பலேறப் புறப்பட்ட அன்று உன் பெட்டியைத் தலையில் சுமந்து ஸ்டேஷன் வரை வந்தாளே, அவள்தான். விளக்குமாறும் கையுமாக வழுக்கி விழுந்து, ஊன்றிய வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. புருஷன் இல்லாதவள், அந்தக் கையை நம்பித்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. அவள் போட்ட சத்தம் என் வகுப்பறை வரைக்கும் கேட்டது. சாமியார் தொட்டியைப் பூட்டினார். பூட்டிய வாரமே பெரிய வகுப்புப் பையன்கள் சுவரேறிக் குதித்து வைகைக்குப் போனார்கள். ஒருவனை வெள்ளம் இழுத்துக்கொண்டு போக, துறையில் துணி வெளுத்தவர்கள் வேட்டிகளை முடிந்து வீசிக் கரையேற்றினார்கள். எதைத் தடுக்கத் தொட்டி கட்டினார்களோ அதுவே நடந்துவிட்டது.

உன் அப்பாவோ, "நடக்கத் தெரியாதவக விழுந்தா நான் என்ன செய்ய?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கு வாருங்கள் என்றேன். உச்சிவெயில். சாமியாரிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "நடக்கத் தெரிஞ்சவுக எப்பிடி நடப்பாகன்னு காட்டுங்க, நானும் கூட வாரேன்" என்று முதல் அடி வைத்தேன். அவரும் செருப்பைக் கழற்றினார். ஆனி, உன்னிடம் மறைப்பானேன், முதல் அடியிலேயே அந்தச் சூட்டில் எனக்கு உயிர் போயிற்று. ஆனால் அவர் முகத்தில் அசைவே இல்லை, சப்பரத்துக்கு முன்னால் போகிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். அவர் நிற்காதபோது நான் நிற்பேனா? விடுதி ஜன்னல் எல்லாம் தலைகள். ஒரு பக்கம் முடித்துத் திரும்பினோம். அடுத்த பக்கம் பாதி போகும்போது அவர் மெல்ல, "பிலோமி, போதும்டி" என்றார். கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பேர் அது. "தரை சரியில்லைன்னு சொல்லுங்க, நிறுத்துறேன்" என்றேன். அவரோ கோட்டு, தலைப்பாகை, சட்டைப்பையில் கடிகாரம், எல்லாவற்றோடும் தொட்டிக்குள் குதித்துவிட்டார்.

நான் என்ன செய்வது? திரும்பி நடக்கவும் கால் இல்லை. நானும் குதித்தேன். பையன்கள் போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான். தலைப்பாகை ஒரு பக்கமாக மிதந்து போக, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தரை சரியில்ல பிலோமி. ஒச்சாயி விழுந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். வாய்தான் வரல" என்றார். அவர் முகத்தில் வழிந்தது தொட்டித் தண்ணீர் மட்டும்தானா என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் அப்புறம் அவர் என்னை மன்னிக்க மாட்டார்.

கொப்புளம் வற்றுவதற்கு முன்பே, காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒச்சாயி வீட்டுக்குப் போனார். என்னம்மா செய்யட்டும் என்று கேட்டாராம். கை தேறும் வரைக்கும் அவள் வீட்டு அரிசி நம் பொறுப்பு என்று நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "அந்தச் செவப்புத் தரைய ஒடச்சுப் போடுங்கய்யா. மொத அடி நான் அடிக்கணும்" என்றாள். மறுநாள் மூங்கில் பத்தை கட்டிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, இடது கையால் சம்மட்டியை ஓங்கினாள். முதல் அடியில் ஒரு கீறல்கூட விழவில்லை. "எம்புட்டுக் கெட்டியாப் போட்டிருக்காரு பாரு" என்று சொல்லி இன்னொன்று போட்டாள், பிளந்தது. அந்த நிலைமையிலும் உன் அப்பா முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது, ஆண்பிள்ளைகளை என்ன செய்வது!

இந்தத் தடவை அவர் எதையும் வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. நம் மண் கரிசல் கலந்தது, நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும் என்று, சரளை தட்டுகிற வரைக்கும் தோண்டினார். உடைத்த சிவப்புத் தளத்தையே கீழே போட்டு இடித்து இறுக்கி, மேலே மணல் பரப்பினார். வெளிர் நிறக் கல்லாகத் தேடி வாங்கி, பாவுவதற்கு முன்னால் ஒவ்வொன்றின் முகத்தையும் உளியால் சொரசொரப்பாகக் கொத்தச் சொன்னார். விழுந்தாலும் மண்டை உடையாதபடி தொட்டி விளிம்பை மழுக்கினார். சாய்வை வெளிப்பக்கமாகத் திருப்பி, ஓரத்தில் வாய்க்கால் விட்டு, மழைத் தண்ணீர் வாழைத்தோட்டத்துக்குப் போக வழி செய்தார். மேற்கே கீற்றுப்பந்தல். ஒவ்வொரு வரிசை பாவியதும் தண்ணீரை ஊற்றி வெறுங்காலோடு நடந்து பார்த்தார். வெயிலில் பார்த்தார், மழையில் பார்த்தார். ஒரு கல்லில் துளி நின்றாலும் பெயர்த்து எடுத்தார். மழை வலுப்பதற்கு முன் வேலை முடிந்தது. திறப்பு நாளில் சாமியார் இரண்டு வாத்தியார்களைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். நாலு எட்டு வைத்ததும் ஒரு கையை விட்டார், அப்புறம் மற்றக் கையையும் விட்டுவிட்டு, கொட்டும் மழையில் ஒரு சுற்று தனியாகவே நடந்தார்.

அந்த நல்ல நேரம் பார்த்து நான் சாமியாரிடம் ஒரு விண்ணப்பம் போட்டேன். வைகை ஆண்பிள்ளைகளை மட்டும்தான் இழுக்குமா, கன்னியர் மடத்து விடுதிப் பெண்பிள்ளைகளுக்கும் நீச்சல் வேண்டாமா என்று கேட்டேன். ஆயரிடம் கேட்க வேண்டும் என்று இழுத்தார். நனையப்போவது ஆயர் இல்லையே சாமி என்றேன். ஒருவழியாகச் சனிக்கிழமை காலை எங்களுக்கு. ஒச்சாயியின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருக்கிறது, ஈரத்துணி பிழிய முடியாது. அதனால் தொட்டிக் கதவுச் சாவியை அவளிடமே கொடுத்து, மாதச் சம்பளமும் பேசி நிரந்தர வேலையாக்கிவிட்டார்கள். பெருக்கும் நாளில் இல்லாத அதிகாரம் எல்லாம் இப்போது வந்துவிட்டது.

உங்கள் குளியலறையில் பாசி என்று எழுதியிருந்தாயே, சிரித்துவிட்டுப் போகாதே. நிறைமாதக்காரி வழுக்கக் கூடாது. சுண்ணாம்பு போட்டுத் தேய்க்கச் சொல், அந்த வழவழப்புத் தரையைக் கொத்திவிட மாப்பிள்ளையிடம் சொல், தண்ணீர் வெளியே ஓடுகிறதா என்று ஊற்றிப் பார். அவர், வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்கிறேன் என்று இழுத்தால் என்னிடம் சொல், நான் அவருக்குத் தனியாக எழுதுகிறேன்.

இன்று காலை நல்ல மழை. விடுதிப் பெண்களோடு நானும் இறங்கி, கரையைப் பிடிக்காமல் குறுக்கே நீந்திவிட்டேன். முதல் தடவை! அந்த நேரம் பார்த்து, மழையில் வாய்க்கால் எப்படி ஓடுகிறது என்று பார்க்க உன் அப்பா குடையோடு வந்திருக்கிறார். ஒச்சாயி கதவைத் திறக்கவில்லை. தளம் போட்டதே நான்தான் என்று சொல்லிப் பார்த்தாராம். "யாரு போட்டா என்னங்கய்யா, பொம்பளைக குளிக்கிற நேரம், போய்ட்டு அப்பறம் வாங்க" என்றுவிட்டாள். அவர் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏ பிலோமி, தண்ணி எங்கயாச்சும் தேங்குதா?" என்று கத்தினார். நான் கரையேறி, அத்தனை கல்லையும் காலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டுத் தேங்கல!" என்று திருப்பிக் கத்தினேன். பிறகு மறுபடியும் குதித்தேன்.

தேவமாதா உன்னையும் பிள்ளையையும் மாப்பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். தேதி நெருங்கியதும் தந்தி அடிக்க மறக்காதே.

இப்படிக்கு,
ஈரத் தலையோடு ஆசி சொல்லும்
உன் அம்மா,
ம. பிலோமினாள்