கல் கடல் தாண்டித்தான் வந்தது

என் அருமை மச்சான் செல்வம்,

நீ சொன்னதுதான் சரி. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்; சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது.

நீ போய் நாலு வருஷமாகிறது. ஓசூர் ரோட்டில் மேம்பாலத்துக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பொம்மனஹள்ளியிலிருந்து லேபுக்கு வருவதற்குள் உயிர் போகிறது. உன் தங்கை கலா இன்னும் என்னை அதட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பவளத் தீவு அகழாய்வில் நீயும் உன் ஆட்களும் தோண்டியெடுத்த கறுப்புக் கண்ணாடிக் கல் சில்லுகள், எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானவை, ஆதி மனிதர்கள் கத்தியாகப் பிடித்தவை, அவற்றை அந்தத் தீவுக்கே திருப்பி அனுப்பும் நாள் வந்தது. பஞ்சில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். நாம் சண்டை போட்டோமே, அந்த ஏழாம் எண் சில்லைத் திருப்பினால், தட்டையான பக்கத்தில் உன் கையெழுத்தில் அந்த எண், வெள்ளை பெயிண்டில்.

எண் எழுத வசதி என்று நீ தட்டையான பக்கத்தில் எழுதினாய். கல்லில் என்னென்ன தனிமம் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே மிஷினில் அதே பக்கம்தான் ஆடாமல் உட்காரும் என்று நான் அதைக் கீழே வைத்தேன். கீழிருந்து வரும் கதிர் உன் பெயிண்டின் மேலும் பட்டிருக்கிறது! பெயிண்டில் இருந்த டைட்டானியத்தையும் துத்தநாகத்தையும் கல்லுடையது என்று நம்பி, 'நீ சொல்லும் தூரத்து எரிமலைத் தீவின் கல் இல்லை இது' என்று கருத்தரங்கில் எல்லார் முன்னாலும் அடித்துச் சொன்னேன். மடையன் நான்!

அன்று பஸ்ஸில் நீ கேட்டாய்: "மிஷின் சொன்னா சரி மச்சான். ஆனா பக்கத்துத் தீவு எதுலயும் எரிமலையே இல்லியே. கல்லு இன்னா நடந்தா வந்துச்சு?"

நான் சிரித்தேன். அதன்பின் நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. மாரடைப்பு வந்த அன்றும் தோற்றவனாகத்தான் போனாயா?

பெயிண்டை அசிட்டோனில் துடைத்துவிட்டு, மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். எரிமலைத் தீவின் கல்லோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. கரையே கண்ணில் படாத கடலில் துடுப்பு போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள், மச்சான்! எவ்வளவு துணிச்சல் பார்!

வீட்டில் சொன்னதும் கலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "எங்கண்ணன் இருக்கும்போதே அந்தக் கல்லைத் திருப்பிப் பாத்திருக்கலாம் இல்ல?" என்றாள்.

எங்கள் டைரக்டர், கருத்தரங்கத் தொகுப்பில் 'கருவிக் கோளாறு' என்று திருத்தம் எழுதினால் போதும் என்கிறார். "சும்னே எதுக்கு உங்க பேரைக் கெடுத்துக்கறீங்க?" என்று தன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். மிஷின் பாவம் சார், அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது என்றேன். பார்க்காமல் வைத்தது என் கை.

ஆகவே உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். 'தவறு என்னுடையது; செல்வம் சொன்னது சரி' என்று என் பெயரோடு அச்சில் வரும். வரும்வரை விடமாட்டேன். அதைப் படித்துவிட்டு உன் தங்கை முதலில் என்னைத் திட்டுவாள், பிறகு உனக்காக அழுவாள். இரண்டுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உன் தங்கை புருஷன்,
முருகேசன்