மாமனார் பெயரைச் சொல்லாததால்

கராகோல்
அக்டோபர் 21

என் பிள்ளைகளின் தந்தைக்கு பூபுசாரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஓஷ் நகரத்தில் நீங்களும் உங்கள் தம்பி வீட்டாரும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் அல்லாஹ்விடம் கேட்கிறேன். போனை நீங்கள் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் தேடச் சொன்ன இடத்துக்குப் போனேன். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு அங்கே இருந்தவர்கள்: கூட்டம் நடத்தும் ரஷ்யக்காரி ஒருத்தி, கடைசிவரை தலை நிமிராமல் காலுறை பின்னிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, இளைஞர்கள் இரண்டு பேர், கைத்தடி வைத்த பெரியவர், வெள்ளைத் தொப்பி போட்ட, சீன வம்சத்துத் துங்கான்காரர், இன்னும் ஒரு ஆண், நான். மொத்தம் எட்டுப் பேர். பெயர்களை வெளியே சொல்லக்கூடாது என்பது அங்குள்ள வழக்கம். ஒருவர் பெயரை மட்டும் எழுத அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். பிறகு எழுதுகிறேன்.

உங்கள் தம்பி மூலம் நீங்கள் சொல்லி அனுப்பியதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். "நான் யார் மகன்னு தெரியாத இடமா பாரு, வர்றேன்." ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் பெயர் ஏறினால் பஸ் ஓட்டும் உரிமம் போய்விடும் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. இமாமிடம் கேட்டேன். "துஆ நான் செய்றேன் மகளே, இடத்த நீ தேடு" என்றார். தேட ஆரம்பித்த ஒன்பதாம் நாள் மருந்துக்கடைச் சுவரில் ஒரு காகிதம் பார்த்தேன், நம்பர் இருந்தது. எடுத்த பெண், "குடிக்கறது நீங்களா, வீட்டுக்காரரா?" என்று கேட்டாள், உப்பா சர்க்கரையா என்று கேட்பதுபோல. வீட்டுக்காரர் என்றேன். "மூணாவது வியாழன் வீட்டு மனுஷங்களும் வரலாம், வாங்க" என்றாள்.

நூலகத்தின் பின்னறை. முன்பு குழந்தைகள் படித்த அறையாம், நாற்காலிகளும் அந்த அளவுதான். பெரியவருக்கு முழங்கால் தாடையைத் தொட்டது. வெறுங்கையோடு போகக்கூடாது என்று பூர்சோக் பொரித்துக் கொண்டுபோயிருந்தேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். ஒவ்வொருவராகப் பெயரையும், குடியை விட்டு எத்தனை நாள் என்பதையும் சொன்னார்கள். என் முறை வந்தது.

நீங்கள் கோபப்படுவீர்கள். இருந்தாலும் நடந்ததை எழுதுகிறேன். நாலு பேர் உள்ள இடத்தில் யார் வீட்டு மருமகள் என்று சொல்லாமல் எனக்குப் பேசத் தெரியாது. மாமனார் பெயரை வாயால் சொல்லவும் முடியாது. இருபத்திரண்டு வருடமாகச் சொன்னதில்லை. அதனால், "புகு குலம், மேல் மாவு மில்லில் நீலநிற லாரி ஓட்டி மறைந்த மர்ஹூம், வலது கையில் இரண்டு விரல் இல்லாதவர், அவருடைய மூத்த மகனின் மனைவி நான்" என்றேன். மரியாதை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

துங்கான்காரர் சொன்னார்: "அக்கா, இங்க உங்க பேரு மட்டும் போதும். நீங்க வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டீங்களே!" இளைஞர்கள் சிரித்தார்கள். அந்த இன்னொரு ஆண் சிரிக்கவில்லை. குனிந்து உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் முகத்தைத் தூக்கினார். உங்கள் டிப்போவில் டிரிப் சீட்டு கொடுக்கும் கப்பார்.

எனக்கு அழுகை வரவில்லை. மிச்சமிருந்த பூர்சோக்கைத் துணியில் முடிந்தேன். நீங்கள் கேட்ட ஒரே ஒரு விஷயத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்பது தெரிந்தது. அது வேறு யாருக்கோ நடந்ததுபோல இருந்தது.

கூட்டம் முடிந்ததும் கப்பார் வாசலில் நின்றார். "அண்ணி, உங்க மாமனார் லாரியில தொத்திக்கிட்டுப் போய் எத்தனை தடவ அடி வாங்கியிருக்கேன் தெரியுமா" என்று ஆரம்பித்தார். பிறகு சொன்னார்: "அவனுக்கு எழுதுங்க. கப்பார் ஏழு மாசமா இங்க வர்றான்னு எழுதுங்க. நம்பலேன்னா, குடிச்ச காலத்துல காலையில சீட்டுல கையெழுத்துப் போடும்போது நான் ஏன் பேனாவ ரெண்டு கையால பிடிச்சேன்னு யோசிக்கச் சொல்லுங்க. எல்லாரையும் ஊதச் சொல்ற டிப்போவுல என்னை யாரும் ஊதச் சொன்னதில்ல. இப்ப அவன் ஒரு வார்த்த சொன்னா என் வேலை போயிடும். நான் சொன்னா அவன் வேலை போயிடும். சரிசமம்தானே அண்ணி?"

வீட்டுக்கு வந்து தொழுதேன். சொன்ன வார்த்தைகள் மறப்பதற்குள் நோட்டில் எழுதி வைத்தேன்.

நீங்கள் கேட்டது யாருக்கும் தெரியாத இடம். நான் கண்டுபிடித்தது ஒருவருக்குத் தெரிந்த இடம். இந்த ஊரில் வேறு இடம் இல்லை, விசாரித்துவிட்டேன். மறைத்துவிட்டு உங்களை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கலாம். அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. கூரைத் தகரத்தை உங்கள் அக்கா மகன் வந்து அடித்துக் கொடுத்தான். சயகுல் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறாள். அப்பா எப்போது வருவார் என்று ஆகஸ்ட் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பதில்லை. நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

கூட்டம் எல்லா வியாழனும் உண்டு. அடுத்தது இருபத்தாறாம் தேதி, அதற்கடுத்தது இரண்டாம் தேதி. உள்ளே வர உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் நூலகத்தின் பின்வாசலில் நிற்கச் சொன்னார் கப்பார். அவர் வெளியே வந்து உங்களோடு நிற்பாராம். எவ்வளவு நேரமானாலும் நிற்பாராம்.

அல்லாஹ் உங்கள் கையையும் காலையும் நேர்வழியில் வைக்கட்டும். வருகிறேன் என்றாலும் எழுதுங்கள், வரமாட்டேன் என்றாலும் எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

பூபுசாரா