சுவரைப் பார்த்து நிற்கும் ஸோம்பிகள்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஸ்ப்ரே அடிக்க முடியாது. இந்த ஈரத்தில் வார்னிஷ் அடித்தால் பொம்மை மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். போன வருஷம் ஒரு பட்டாளமே பவுடர் போட்டுக்கொண்டது போல் ஆனது. அதனால் கைவேலை மட்டும். காய வைத்த தேயிலைச் சக்கையைப் பசை தடவித் பொம்மைத் தெருவில் தூவினேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அசல் குப்பை. திருப்தி.

ஞாயிறு உலு திராமில் பொம்மைப் போர் ஆட்டம். மேசை என்னுடையது: எங்கள் ஊர் மாசாய், செத்தவர்கள் எல்லாம் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு. ஃபிளாட் (சீரியல் டப்பா அட்டையில் செய்தது), கவிழ்ந்த மோட்டார் சைக்கிள்கள், கதவு பெயர்ந்த மாமாக் சாப்பாட்டுக் கடை. பாக்கி வேலை:
– மாமாக் கடைப் பலகை, துருக்கறை
– தொழிற்சாலைச் சீருடை ஸோம்பிகளுக்கு ரத்தம்
– தெருமுனைக் கோயில் (வேண்டாமோ? மனைவி செல்வி திட்டுவாள்)

ஒரு விஷயம். வேலை விட்டு வந்து பார்த்தால் அலமாரியில் ஸோம்பிகள் எல்லாம் சுவரைப் பார்த்து நிற்கின்றன. உயிரோடு இருக்கிற மனுஷப் பொம்மைகள் மட்டும் வழக்கம் போல் முன்னால் பார்த்து. நான் அப்படி வைக்கவில்லை. நிச்சயம்.

செல்வியிடம் கேட்டேன். பூனையாக இருக்கும் என்றாள். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. வெளியிலிருந்து வந்ததாகவே இருந்தாலும், ஸோம்பி எது மனுஷன் எது என்று பார்த்துத் திருப்பி வைக்கிற பூனையா?

நவம்பர் 5, புதன்

மறுபடியும். நேற்று எல்லாவற்றையும் நேராக்கிவிட்டுத்தான் படுத்தேன். இன்று திரும்ப முதுகு. ஜன்னல் வேறு அகலத் திறந்து கிடக்கிறது, சாரல் அடித்து ஃபிளாட்டின் கீழ்மாடி ஊறிப்போய்விட்டது. எனக்குச் சந்தேகப் புத்தி என்று செல்வி சொல்வாள். சந்தேகம் இல்லை, கவனம். சின்னப் பொம்மைக்குக் கண்ணில் கருவிழி வைக்கிறவனுக்குக் கவனம் இருக்காதா?

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், கேட் அருகே என்னை நிறுத்தி, மத்தியானம் உன் கூட்டாளி வந்தானே, வெள்ளைக் கார், என்றார். வெள்ளைக் கார் என்றால் குணா. (இனி கு. கை வலிக்கிறது.) இடைநிலைப் பள்ளியிலிருந்து சிநேகிதன். இந்தப் பொம்மைக் கிறுக்கும் அவன் ஒட்டவைத்ததுதான். உலு திராமில் கடைவீட்டு மாடியில் ஆட்டம் நடத்துகிறான். மனைவி லெட்சுமி கிளினிக்கில் நர்ஸ்.

நான் வேலையில் இருப்பது கு.வுக்குத் தெரியும். பின் எதற்கு வந்தான்?

இன்று யாராவது வந்தார்களா என்று செல்வியிடம் சாதாரணமாகக் கேட்டேன். யாரும் வரவில்லை என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் உறுத்துகிறது.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. ரத்தம் முடிந்தது (சிவப்பு + கொஞ்சம் பழுப்பு + பசை. ஈரமாகவே தெரிகிறது, நன்று).

கு. போன் பண்ணினான். ஆட்டத்தின் விதிகள், யார் யார் வருகிறார்கள், சாப்பாடு யார் பொறுப்பு. கடைசியில் இழுத்தான்: “மச்சான், ஆட்டம் முடிஞ்சதும் மேசைய எங்க எடத்துலயே வச்சிரலாமா? பொம்மை, பெயிண்ட் எல்லாத்தையும் சேத்துத்தான். ஒங்க வீட்ல எடம் பத்தாது லா.”

எங்கள் வீட்டில் இடம் பத்தாது என்று இவனுக்கு யார் சொன்னது?

இந்த மூன்றாவது அறையைப் பற்றி எழுதியதில்லை. குழந்தைக்கு என்று வைத்திருந்த அறை. இரண்டாவது தடவையும் கலைந்து, செல்வியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த பிறகு யாரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் அவளேதான், சும்மா கிடப்பதற்கு உங்கள் பொம்மையையாவது வையுங்கள் என்றாள். முதல் ஸோம்பியின் சட்டைக்கு நீலம் அடித்தது அவள். பெயிண்ட் காய ஹேர் டிரையர் பிடிப்பாள். கொஞ்ச நாளாக நான் உள்ளே இருந்தால் வாசலோடு நின்றுவிடுகிறாள். நாற்றம் என்கிறாள். ஐந்து வருஷமாக அதே நாற்றம்தானே.

அறை வேண்டாம் என்றால் என்னிடம் சொல்லலாம். கு.விடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

நவம்பர் 7, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

குளித்துவிட்டு வரும்போது சமையலறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலை அடக்கி. “அவருக்குத் தெரியக் கூடாது. நாளைக்கு அவரு ஓவர்டைம் போயிருவாரு, அப்பறம் வாங்க.” என்னைக் கண்டதும், சரி வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள். யார் என்றேன். தையல்காரி என்றாள்.

தையல்காரியின் முகத்தில் கு.வின் தாடி தெரிகிறது எனக்கு. அந்த வார்த்தையை இங்கேகூட எழுத மாட்டேன். யாரும் படிக்காத நோட்டுதான், ஆனால் எழுதிவிட்டால் உண்மையாகிவிடும். பதினொரு வருஷம் கூட வாழ்ந்தவள். அவன் பள்ளிக்கூடத்தில் என் தட்டில் சாப்பிட்டவன். இரண்டு பேரையும் சேர்த்து இழந்தால் எனக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

ஆனால் ஸோம்பியை ஏன் திருப்ப வேண்டும்? அதுதான் பிடிபடவில்லை. பிணத்தின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாத அளவுக்குக் குற்ற உணர்ச்சியா?

வீடியோ எடுக்கப் பழைய கைப்பேசியை அட்டை ஃபிளாட்டுக்குள் வைத்துவிட்டேன். இரண்டாம் மாடி ஜன்னலில் லென்ஸ் அளவாகப் பொருந்துகிறது. சார்ஜ் வயரை மாமாக் கடைக்குப் பின்னால் மறைத்தாயிற்று. என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான கட்டட வேலை. கச்சிதமாக வந்திருக்கிறது.

நவம்பர் 8, சனி

ஓவர்டைம். ஒரு வேலையும் ஓடவில்லை. சூப்பர்வைசர் இரண்டு தடவை முறைத்தார்.

செல்வி மேல்மாடியில் துணி எடுக்கும்போது கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய், காரில் உட்கார்ந்து பார்த்தேன்.

ரொம்ப நேரம் வெறும் அலமாரி. பிறகு கதவு. செல்வி வருகிறாள். ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு பக்கவாட்டில் நடக்கிறாள், வெயிலுக்கு மறைப்பது போல. மற்றக் கையால் தடவித் தடவி ஒவ்வொரு ஸோம்பியாகச் சுவர்ப் பக்கம் திருப்புகிறாள். ஒன்று விழுகிறது. எடுத்து, தூசி ஊதி, மெதுவாக வைக்கிறாள். ஜன்னலைத் திறக்கிறாள். அப்புறம்தான் கண்ணை விட்டுக் கையை எடுக்கிறாள். எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு குனிந்து பேசுகிறாள்.

“பாக்காதடா. ஒண்ணுமில்ல, அதெல்லாம் அப்பா செஞ்ச பொம்மை. அப்பா மூஞ்சியப் பாரு, அது போதும்.”

வெளியே லெட்சுமியின் குரல். குணா காரில் காத்திருக்கிறார், டாக்டர் ஸ்கேனுக்கு வரச் சொன்ன நேரம் ஆகிவிட்டது, சீக்கிரம் வா என்று.

கார் கண்ணாடி எல்லாம் ஆவி படிந்துவிட்டது. நான் அழுததில்தான்.

இது எனக்குத் தெரியாததா? எங்கள் பக்கம் வயிற்றில் பிள்ளை இருந்தால் செத்த வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், கோரமான முகம் எதையும் பார்க்க விட மாட்டார்கள், கட்டிலுக்கு எதிரே கொழுகொழு என்று பாப்பா படம் மாட்டுவார்கள். என் வீட்டிலோ அறை நிறையப் பிணம். அதை மறந்துவிட்டுப் பூனையையும் கு.வையும் துப்பறிந்துகொண்டிருந்த மடையன் நான்.

ஏன் சொல்லவில்லை என்பதும் தெரியும். இரண்டு தடவையும் நாள் தள்ளியவுடனே செய்தி அம்மா ஊர் பெக்கோக் வரை போய், அம்மா வளையல் வாங்கி வைத்து, அத்தைகள் பெயர் யோசித்து… பிறகு ஒவ்வொருவருக்காகப் போன் செய்து இல்லை என்று சொன்னது செல்வி. இந்தத் தடவை மூன்று மாதம் தாண்டட்டும் என்று வாயைக் கட்டியிருக்கிறாள். கிளினிக்கில் இருப்பதால் லெட்சுமிக்கு மட்டும் தெரியும். லெட்சுமிக்குத் தெரிந்ததால் கு.வுக்கு. புதன்கிழமை வெள்ளைக் கார் வந்ததும் இதற்குத்தான்.

சந்தோஷமா என்றால் சந்தோஷம். ஆனால் பயம்தான் அதிகம்.

வீடியோவை அழித்துவிட்டேன். இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான்.

அவளாகச் சொல்லும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது. முடிவு.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். மேசை, பொம்மை, பெயிண்ட், தின்னர், ஸ்ப்ரே டப்பா, எல்லாம் காரில். உலு திராம் போய்ச் சேருவதற்குள் இரண்டு மோட்டார் சைக்கிளுக்குச் சக்கரம் போயிற்று.

ஆட்டத்தில் படுதோல்வி. என் மனுஷர்கள் மாமாக் கடையைத் தாண்டவே இல்லை, எல்லாரையும் கு.வின் கூட்டம் தின்றுவிட்டது. கவலைப்படவில்லை. முடிந்ததும், எல்லாவற்றையும் இங்கேயே வைத்துக்கொள் என்றேன். கு. என்னை உற்றுப் பார்த்தான். “அலமாக், என்ன திடீர்னு?” “எடம் பத்தல லா,” என்றேன். அவனுக்கு வியர்த்துவிட்டது. பாவம், லெட்சுமி அவனை என்ன மிரட்டி வைத்திருக்கிறாளோ. கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. ஒரு தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் இப்போது இவள் துப்பறிகிறாள். பொம்மை எங்கே, ஏன் அங்கே, உங்களுக்கும் அவருக்கும் சண்டையா, உடம்பு சரியில்லையா. நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காலி அலமாரியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுபடியும் போய்ப் பார்த்தாள்.

சாயங்காலம் அம்மா போன், ஞாயிற்றுக்கிழமை வழக்கம். பெக்கோக்கில் வெள்ளம் வடிந்ததா, மாமாவுக்குக் கால் எப்படி. கடைசியில் எப்போதும் கேட்கிறது: “வீட்ல விசேஷம் ஏதும் இருக்காய்யா?”

செல்வி அடுப்படியில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு எரிந்து விழுவேன். இன்று, “ஒண்ணும் இல்லம்மா, மழதான்,” என்றேன். பொறுமையாக. சிரித்தும் தொலைத்துவிட்டேன் போலிருக்கிறது.

போனை வைத்தேன். செல்வி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

எப்படித் தெரியும் என்று இன்னும் கேட்கவில்லை.