காசீம் தந்த பாரை

1954 டிசம்பர் 7, செவ்வாய் இரவு

கடல் கொந்தளித்து ஒரு கிழமையாக ஊரில் மீன் இல்லை. நாளை வகுப்பில் வாசிக்க வேண்டிய தேர்ச்சிப் பட்டியலை எழுதி முடித்துவிட்டுப் பசியோடு வீட்டுக்கு வந்தால், சோறும் பாரை மீன் ஆணமும். இரண்டு தரம் வாங்கித் தின்றேன். கை கழுவும்போதுதான் மனைவி சபூறா சொன்னாள்: "தோணிக்காரக் காசீம் காக்கா கொண்டு வந்து தந்துட்டுப் போனாரு."

காசீமின் மகள் கதீஜா என் மூன்றாம் வகுப்பு மாணவி. இன்னும் எழுத்துக்கூட்டவே திணறுகிறாள், தேறவில்லை. மீனைத் தந்து என்னை வளைக்கப் பார்க்கிறானா என்று பற்றிக்கொண்டு வந்தது.

"மழை விடட்டும், சும்மா இரிங்களன்" என்றாள் சபூறா. கேட்கவில்லை. குடையோடு போய், அவன் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றபடியே கத்தினேன்: "உன்ட மகள் பெயில்தான். மீன் தந்தா பாஸாக்குவன் எண்டு நினைச்சியா?"

காசீம் கோபப்படவில்லை.

"அது எனக்குத் தெரியும் வாத்தியார். போன வருசம் பள்ளிக்கூடம் எண்டாலே புள்ள அழுவாள். உங்கட வகுப்புக்கு வந்த பொறகு விடியக்குள்ளயே எழும்பி ஓடுறாள். அதுக்குத்தான் மீன்."

ஸலாம்கூடச் சொல்லாமல் திரும்பி நடந்தேன். நன்றாக நனைந்த பிறகுதான் குடையை அங்கேயே விட்டது தெரிந்தது. திரும்பிப் போக முகமில்லை.

சபூறா தலை துவட்டத் துவாய் தந்தாள். "என்ன கதைச்சீங்க?" என்று கேட்டாள். "ஒண்டுமில்ல" என்றேன்.

விடிந்ததும் கதீஜா அந்தக் குடையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னமே பள்ளிக்கூடத்தில் நிற்பாள். அவள் பெயர் இல்லாத பட்டியலை நான்தான் வாசிக்க வேண்டும்.