பின்னால் தள்ளக் கூடாத கடிகாரம்

காலையில் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. மேசைக் கணினியின் மூலையில் தவறான நேரம் நின்றது; நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போடுவதற்குள் யாரையும் கேட்காமல் அது தன்னைச் சரிசெய்துகொண்டது. பார்த்ததும் வயிறு எரிந்தது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் அந்த எரிச்சல் மட்டும் அணையவில்லை, போ.

எழுபதுகளில் மெட்ராஸில், ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற கணினிக்கு நாம் இருவரும் புரோகிராம் எழுதினோம். மரக்காணத்திலிருந்து அந்த வேலைக்கு வந்தவர்கள் நாம் இரண்டே பேர். என் அப்பாவுக்கு உப்பளம் இருந்தது. உன் அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார். படிப்பிலும் பாட்டிலும், தலைமுடியிலும்கூட நீ எனக்கு ஒரு படி மேல். அதை ஒருநாளும் நீ சொல்லிக் காட்டவில்லை, அது இன்னும் எரிச்சல்.

அந்தக் கணினி மின்சாரத்தின் துடிப்பை எண்ணித்தான் நேரம் பார்த்தது. வெயில் காலத்தில் மின்சாரம் போதாமல் துடிப்பு தளரும், கணினியின் கடிகாரம் பின்தங்கும். நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரேயடியாக முன்னால் தள்ளுவோம். அப்படித் தாண்டிப்போன நிமிஷங்களில் நடக்கவேண்டிய வேலை நடக்காமலே போகும். முந்தி ஓடிய நாளில் பின்னால் தள்ளினால் ஒரே வேலை இரண்டு தரம் நடக்கும். இதைச் சரிசெய்பவருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் குழுவில் இடம் என்றார் மேலதிகாரி. இடம் ஒன்றுதான். சோறு இறங்காத அளவுக்கு எனக்கு அது வேண்டியிருந்தது. மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளலாம் என்று எழுதினேன். பெரிய பள்ளம் ஒன்றுக்குப் பதில் சின்னப் பள்ளங்கள் பல வந்தன.

அந்த ஞாயிறு ஊருக்குப் போயிருந்தோம், உன் வீட்டில் எனக்குச் சாப்பாடு. உன் பெரியப்பா பாரிசிலிருந்து கொண்டுவந்த சுவர்க் கடிகாரமும் கரண்டில்தான் ஓடியது. எப்படியும் பின்தங்கும் என்று உன் அப்பா காலையிலேயே அதை முன்னால் தள்ளி வைப்பார். அன்று விடுமுறை, ஆலைகள் ஓடாததால் கரண்ட் நன்றாக இருந்தது, கடிகாரம் பின்தங்கவே இல்லை. சாயங்காலம் ரேடியோவைக் கேட்டு முள்ளைப் பின்னால் திருப்பினார். ஆறு மணி ரத்த அழுத்த மாத்திரையை ஏற்கெனவே விழுங்கியிருந்த உன் அம்மா, மறுபடி ஆறு ஆனதும் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு, தலை சுற்றிச் சாய்ந்துவிட்டார்.

“ஏம்மா, ரெண்டு தபா போட்டியா?” என்று கேட்டாய்.

தெளிந்து உட்கார்ந்தவர் சொன்னார்: “ஆறானா போடுன்னு நீதானே சொன்னே. ஆறே ரெண்டு தபா வந்தா நான் இன்னா பண்றது?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் மெட்ராஸ் திரும்பும் பஸ் உப்புக் குவியல்களைத் தாண்டும்போது சொன்னாய்: “பின்னாடி மட்டும் தள்ளவே கூடாதுடி. முந்தினா மெதுவா நடக்க வை, பின்தங்கினா வேகமா நடக்க வை. தானா வந்து சேர்ந்துடும்.” ஒவ்வொரு துடிப்புக்கும் கணினி கூட்டிக்கொள்ளும் நேரத்தில் பின்தங்கினால் ஒரு துளி ஏற்றினாய், முந்தினால் ஒரு துளி இறக்கினாய். அதன்பின் எந்த வேலையும் விட்டுப்போகவில்லை, இரண்டு தரம் நடக்கவுமில்லை. இடம் உனக்குப் போயிற்று.

நானும்தான் அந்த வீட்டில் இருந்தேன். அதே கடிகாரம், அதே அம்மா, அதே மாத்திரை. நான் படிக்காத எதையோ படித்து நீ ஜெயித்திருந்தால் பொறுத்திருப்பேன். என் கண்ணெதிரே கிடந்ததை எடுத்துக்கொண்டு போனாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தப் பொறாமையில்தான் அதன்பின் ஒவ்வொரு வேலையையும் செய்தேன். நன்றாகவே செய்தேன். ஆனாலும் எப்போதும் நீ கொஞ்சம் முன்னால்.

பிறப்பதிலும் என்னைச் சில மாதம் முந்திக்கொண்டவள் நீ. போன மாதம் எனக்குப் பிறந்தநாள் வந்தது. நீ போனபோது உனக்கிருந்த வயதை நான் தாண்டிவிட்டேன். முதல் முறையாக உன்னை முந்தியிருக்கிறேன், கொஞ்சமும் பிடிக்கவில்லை. இப்போதெல்லாம் மெதுவாகத்தான் நடக்கிறேன். நீ வந்து சேரவில்லை. பின்னால் தள்ளக் கூடாது என்று சொன்னவளும் நீதான். பழையபடி உன் பின்னால் வந்து நிற்க நான் என்னடி செய்வது?