ஓடுகிறவளின் கடிகாரம்

ஈப்போ,
9.3.2025

அன்புள்ள நவமணிக்கு,

சாந்தினி எழுதுகிறேன். நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் அம்மாவின் காரியத்துக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து நான்கு மாதமாக வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டே இருக்கிறேன். கட்டைவிரல் படத்தைத் தவிர நீ வேறொன்றும் அனுப்புவதில்லை. கூப்பிட்டால் "மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலடி" என்று வைத்துவிடுகிறாய். அதனால் காகிதம் எடுத்தேன். கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது.

ஓர் உதவி வேண்டும். சனிக்கிழமைகளில் ஆறாம் படிவப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை ஒரு இயற்பியல் போட்டிக்குத் தயார் செய்கிறேன். புத்தகம் மலாயில், விளக்கம் தமிழில். சிறப்புச் சார்பியலில் உந்தம் வரும் இடத்தில் மாட்டிக்கொண்டேன். எந்தப் பொருளும் ஒளியின் வேகத்தை எட்டாது என்று சொன்னேன். கடைசி வரிசையில் உட்காரும் யோகேஸ்வரி எழுந்து, "டீச்சர், விடாம தள்ளிக்கிட்டே இருக்கோம், வேகம் மட்டும் ஏறலன்னா, தள்ளுனதெல்லாம் எங்க போவுது?" என்று கேட்டாள். வேகம் கூடக்கூட நிறை கூடிவிடும் என்று பழைய புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அவளுக்கும் தெளியவில்லை, எனக்கும் தெளியவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு முந்தின மெட்ரிகுலேஷன் படித்தபோது விடுமுறைக்கு விடுமுறை என் புத்தகங்களை உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தேன். அவற்றை ஒழுங்காகப் படித்தவள் நீதான். எழுதுவாயா?

தபால்காரரின் மோட்டார் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி,
சாந்தினி


ரிங்லெட் தோட்டம்,
16.3.2025

என் சாந்தினிக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பதின்மூன்று வருஷம் பாடம் நடத்தியவள், கொழுந்து வெட்டுகிறவளிடம் சந்தேகம் கேட்கிறாய். வெட்கமாக இல்லையா உனக்கு? சும்மா சொன்னேன்லா, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

முதலில், நிறை கூடும் என்று பிள்ளைகளிடம் சொல்லாதே. ஒருத்தி வேகமாக ஓடுகிறாள் என்று வை; ஓடுகிறவள் அதே ஆள்தான், ஒரு கிராம்கூடக் கூடவில்லை. உந்தம் என்றால் நிறையை வேகத்தால் பெருக்குவது. வேகம் என்றால் தூரத்தை நேரத்தால் வகுப்பது. யாருடைய நேரம் என்று நம்மை யாரும் கேட்கவில்லை. ரிங்லெட் இறக்கத்தில் வருகிற காய்கறி லாரிக்கு அது தேவையும் இல்லை. டிரைவர் கடிகாரமும் ரோட்டில் நிற்கிறவன் கடிகாரமும் ஒன்றாகவே ஓடும்.

ஒளியின் வேகத்தை நெருங்கினால் கதை வேறு. தூரத்தை நம் நாடாவால் அள. நேரத்தை ஓடுகிறவளின் கைக்கடிகாரத்தில் பார். அவள் கடிகாரம் நம் கணக்கில் மெதுவாகப் போகிறது. ஒளி வேகத்தில் பத்தில் ஆறு பங்கில் அவள் ஓடினால், நமக்கு ஐந்து நிமிடம் ஆகும்போது அவளுக்கு நான்குதான். பத்தில் எட்டு பங்கில் ஓடினால் ஐந்துக்கு மூன்று. நம் தூரத்தை அவள் நேரத்தால் வகுத்து நிறையால் பெருக்கு. அதுதான் உண்மையான உந்தம். நிறை ஒன்று, ஒளி வேகம் பத்து என்று வைத்தால், ஆறுக்கு ஏழரை வரும், எட்டுக்குப் பதின்மூன்றுக்கு மேல். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் ஏறியது, உந்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. புத்தகத்தில் காமா என்று போட்டுப் பயமுறுத்துகிறார்களே, அது இந்த இரண்டு கடிகாரங்களின் விகிதம்தான்.

அந்தப் பெண்ணிடம் சொல். தள்ளியது எங்கும் போகவில்லை, முழுக்க உந்தத்தில் இருக்கிறது. வேகத்தைப் பார்க்கிறவனுக்கு அது தெரியாது. தடுத்து நிறுத்தப் போகிறவனுக்குத் தெரியும்.

இங்கே காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது பேர் கொடுத்தால் மூன்று மணிவரை கொழுந்து வெட்டும் மெஷின்தான். ஆளுக்கொரு கைப்பிடியாக இரண்டு பேர் செடி வரிசைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. அம்மா இருந்தபோது சண்டை போடவாவது ஆள் இருந்தது.

உன் கடிதம் வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் எஸ்பிஎம் பரீட்சை முடித்து நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் மெட்ரிகுலேஷனுக்கு எழுதிப் போட்டோம். உனக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நானும் இப்படி நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன் என்று இதை எழுதும்போது தோன்றியது.

கை வலிக்க எழுதிய,
நவமணி


ஈப்போ,
6.4.2025

அன்பு நவமணிக்கு,

உன் இரண்டு கடிகாரங்களைக் கரும்பலகையில் வரைந்தேன். யோகேஸ்வரி தானே எழுந்து வந்து பத்தில் ஒன்பது பங்குக்குக் கணக்குப் போட்டாள். பிறகு நூறில் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் போட்டுவிட்டு, "இது முடியவே முடியாது டீச்சர், ஏறிக்கிட்டே போவுது" என்று சிரித்தாள். இதை எனக்கு விளக்கியவர் என் தோழி, தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார் என்றேன். பிள்ளைகள் உன்னைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள்.

பாடக் குறிப்பைச் சிறு புத்தகமாக அச்சடிக்கப் போகிறேன். உன் பெயரைப் போடுகிறேன். மே மூன்றாம் தேதி சனிக்கிழமை, தானா ராத்தாவில் காலை பஸ் ஏறினால் வகுப்புக்கு வந்துவிடலாம். இரவு என் வீட்டில் தங்கு. உன்னிடம் நேரில் பேச வேண்டியதும் இருக்கிறது.

வழி பார்த்திருக்கும்,
சாந்தினி


ரிங்லெட் தோட்டம்,
20.4.2025

என் சாந்தினிக்கு,

வருகிறேன். மண்டோரிடம் லீவு சொல்லிவிட்டேன். "என்னா, மாப்பிள்ளை பாக்கவா?" என்றார். பாடம் நடத்த என்றேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். பச்சைப் புடவை கட்டுவதா, சுடிதாரா என்று மூன்று நாளாக யோசனை. பிள்ளைகள் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டால் நீ காப்பாற்று.

உன்னிடம் சொல்வதற்கென்ன. அந்த வருஷம் எனக்கு மெட்ரிகுலேஷன் கடிதம் வராமல் போனபோது, அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எம் பொண்ணுக்கு மார்க்கு பத்தல" என்று சொன்னாள். கேட்டுக்கேட்டு நானும் நம்பிவிட்டேன். உன் புத்தகங்களைப் படித்துப் புரியும்போதுகூட, இது எனக்குப் புரிந்திருக்காது, புரிந்த மாதிரி இருக்கிறது என்றுதான் நினைப்பேன். போன வாரம்தான் முதல் தடவையாக, நான் மக்கு இல்லையோ என்று தோன்றியது. உன் பிள்ளைகள் எழுதுகிற எஸ்டிபிஎம் பரீட்சையை முப்பத்தேழு வயதில் தனியாக எழுத விடுவார்களா? விசாரித்து வை. சிரிக்காதே.

புடவை முடிவாகாத,
நவமணி


ஈப்போ,
27.4.2025

நவமணிக்கு,

நேரில் சொல்ல நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு, சொல்லாமல் உன்னைப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தினால் நான் மனுஷியே இல்லை என்று தெரிந்தது.

உனக்கு மார்க் பத்தாமல் போகவில்லை. உனக்கும் கடிதம் வந்தது.

லைன் வீடுகளுக்கு வருகிற தபாலெல்லாம் அப்போது தோட்ட ஆபீசுக்குத்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுப்போம். 2006 மே மாதம் ஆபீஸ் கிராணி கொடுத்த தபால் கட்டுக்குள் ஒரே மாதிரி இரண்டு உறைகள், உன் பேரில் ஒன்று, என் பேரில் ஒன்று. இரண்டையும் அங்கேயே பிரித்துப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் இடம் கிடைத்திருந்தது. ஓட்டமாக வந்தேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் உன் அம்மா நின்றார். "ருக்குமணி அத்தை, நவமணிக்குக் கிடைச்சிருச்சு" என்றேன். அவர் உறையை வாங்கி மடியில் சொருகிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ போயிட்டா, படுத்துக் கெடக்குற மனுசன, அவ அப்பன, யாரு தூக்கிப் போடுவா? நான் வேலைக்குப் போவணும். அவகிட்ட சொல்லாத சாமி. எம் பொணம் விழுற வரைக்கும் சொல்லாத" என்று அழுதார். சத்தியம் செய்துகொடுத்தேன். மறுநாள் நீ, "எனக்கு ஒண்ணும் வரலியாடி?" என்று கேட்டாய். இல்லை என்றேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்திலிருந்து போகிற ஒரே பெண் என்று எல்லோரும் என்னைக் கொண்டாடியபோது, எனக்கு அது பிடித்திருந்தது. புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தது அந்தக் குற்ற உணர்வு தாங்காமல்தான்.

சனிக்கிழமை பஸ் நிலையத்தில் நிற்பேன். வந்து என்னை அடித்தாலும் சரி, வா.

சாந்தினி


ரிங்லெட் தோட்டம்,
11.5.2025

சாந்தினிக்கு,

நான் வரவில்லை என்பது பஸ் வந்தபோதே உனக்குத் தெரிந்திருக்கும். அன்று நீ ஆறு தடவை கூப்பிட்டாய். மெஷின் சத்தம் இல்லை, வீட்டில்தான் இருந்தேன், எடுக்கவில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்குத் தாள் இதோடு வைத்திருக்கிறேன். யோகேஸ்வரி நூறில் தொண்ணூற்றெட்டுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்கட்டும். வேகம் ஒரு சொட்டு ஏறும்போது உந்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அவளே பிடித்துவிடுவாள். நல்ல மூளை. யாராவது அவளிடம் பத்தாது என்று சொன்னால் நம்ப வேண்டாம் என்று சொல். புத்தகத்தில் என் பெயர் வேண்டாம்.

இன்று அன்னையர் தினமாம். தானா ராத்தாவில் பூ வாங்க அவ்வளவு கூட்டம். நானும் வாங்கி வந்து அம்மா படத்துக்கு வைத்தேன். வைத்துவிட்டு அழுதேன், திட்டினேன். படம் என்ன பதில் சொல்லும்? அவளுக்கு வேறு வழி தெரியவில்லை என்று ஒரு மனம் சொல்கிறது. நீயும் பதினெட்டு வயதுப் பெண்தான், ஒரு பெரிய மனுஷி கையைப் பிடித்து அழுதால் என்ன செய்வாய் என்றும் சொல்கிறது. அந்த மே மாதத்துக்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நிஜமாகவே இல்லை.

ஆனால் அப்பா அடுத்த வருஷம் மார்ச் மாதமே செத்துப்போனார், சாந்தினி. நீ காலேஜிலிருந்து வந்தாய். பிணத்தைத் தூக்கும்வரை என் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தூக்கிப் போட வேண்டிய மனுஷன் அதற்குப் பிறகு வீட்டில் இல்லை.

அன்றைக்கு நீ சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

இனி எழுத வேண்டாம்.

மு. நவமணி