புரை ஏறாத பன்னிரண்டு நாள்

பீர்க்கன்கரணை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் மோகன்ராஜுக்கு, அம்மா பொன்னியம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கை தீபா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று போடச் சொன்னேன், ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பாவை வைத்துக்கொண்டு சுகமா என்கிறாள், வீடு திரும்பிவிட்டார் இல்லையா, அப்போது சுகம்தான். கனடாவில் நீயும் மருமகளும் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் பாதியிலேயே "ட்யூப் போடும்மா" என்று கத்துகிறாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இது.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்பாவுக்கு நடுக்க வியாதி முற்றியதிலிருந்து வாய்க்கு வாய் புரை ஏறியது. நீ நினைக்கிறாய் என்றே இருந்துவிட்டோம், ரெண்டு மாசம் உச்சந்தலையில் தட்டித் தட்டி என் கை காய்த்தது. தீபா, "மத்தியானம் ஒரு மணிக்கு அங்க நடுராத்திரி, அண்ணன் தூங்கிக்கினு இருக்கும்" என்றாள். "கனாவுல நெனைக்கிறான்டி, உனக்கு இன்னா பேஜாரு" என்று அப்பா அவள் வாயை அடைத்துவிட்டார். கடைசியில் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், சோறு தடம் மாறி நுரையீரலுக்குப் போகிறது என்றாள் டாக்டரம்மா. அந்த டாக்டரம்மா யார் தெரியுமா, நம் கறுப்பு எருமையை விலைக்கு வாங்கிக் கூடுவாஞ்சேரிக்கு ஓட்டிக்கொண்டு போனாரே பொன்னுசாமி, அவர் பேத்தி. அந்த எருமை அங்கே போயும் உதைத்ததாம், அதை விடு. மூக்கில் ட்யூப் போட்டார்கள், மூன்று தடவை பிடுங்கி எறிந்தார். "எத்தினி மாட்டுக்கு மூக்கணாங்கயிறு குத்தியிருப்பேன், இப்ப எனக்கேவா" என்றார். அப்புறம் வயிற்றில் துளை போட்டு ஊட்டலாமா என்று பேச்சு வந்தது. டாக்டரம்மா மறைக்காமல் சொன்னாள், வியாதி இவ்வளவு முற்றின பிறகு ட்யூப் போட்டால் ஆயுசு கூடும் என்று உறுதியில்லை, எச்சில் அப்போதும் நுரையீரலுக்குப் போகும், வாயால் ஊட்டினால் காய்ச்சல் மறுபடி வரலாம், மாசமா வருஷமா எனக்கே தெரியாது, அவரையே கேளுங்கள் என்று. அவர் யோசிக்கவே இல்லை. "நாக்குக்குத் தெரியாம வவுறு ரொம்பி இன்னாத்துக்கு, மீன் கொழம்பு ஊத்து" என்றார்.

இப்போது எதையும் கூழ் பதத்துக்குக் குழைத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு ஸ்பூன் கொடுத்தால் தலையைக் குனிந்து விழுங்க வேண்டும், தொண்டை ஏறி இறங்கினால்தான் அடுத்தது. கல்யாணமாகி ஐம்பது வருஷம் என் முன்னால் குனியாத தலை, வேளைக்கு நாற்பது தடவை குனிகிறது. நான் சிரித்தால் அவரும் சிரிப்பார், சிரித்தால் புரை, அதனால் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ஊட்டுகிறேன். பன்னிரண்டு நாளாகப் புரையே ஏறவில்லை. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், நேற்று ஸ்பூனைத் தள்ளிவிட்டு, "இன்னாடி, புள்ள என்னை மறந்துட்டானா" என்கிறார்.

ஆகையால் ராசா, ட்யூப் வேண்டாம் என்ற அவர் வார்த்தைக்கு நீயும் சரி சொல்லு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எல்லையம்மன் உங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொள்வாள். ஒன்றை மறக்காதே, ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் அவரைப் படுக்க விடக்கூடாது, சும்மாதான் உட்கார்ந்திருப்பார். அந்த நேரம் போன் போட்டு, நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று உன் வாயாலேயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
பேனாவைப் பிடுங்கித் தானே கையெழுத்துப் போட்ட
உன் அம்மா
பொன்னியம்மாள்